நூலகம் "நன்றாக நடக்கிறது" என்பதை எப்படி அளப்பது? மூன்றாண்டுத் திட்டம் எழுத உதவி தேவை

பதிவு 1 · சுட்டுவிரல்

வணக்கம். ஒரு கலை அறிவியல் கல்லூரியில் நூலகராகச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. போன வாரம் முதல்வர் கூப்பிட்டு இரண்டு வேலை கொடுத்தார். அடுத்த மூன்று ஆண்டுக்கு நூலகத் திட்டம் ஒன்று எழுதித் தர வேண்டும். அதோடு, "நூலகம் நல்லா நடக்குதுன்னு எண்ணுல காட்டுங்க" என்றார்.

என் கையில் இருப்பவை: வாசலில் வைத்திருக்கும் வருகைப் பதிவேடு, இரவல் கணக்கு, மொத்த நூல்களின் எண்ணிக்கை. எனக்கு முன்பிருந்தவர் இவற்றை வண்ணப் பட்டைகளாகப் போட்டு ஆண்டறிக்கையில் சேர்த்துவிடுவாராம். நானும் அப்படியே செய்யலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பார்த்தால் வருகை ஏறியிருக்கிறது, இரவல் இறங்கியிருக்கிறது. இப்போது நூலகம் வளர்கிறதா, தேய்கிறதா? வருகிறவர்களில் பலர் சொந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து படித்துவிட்டுப் போகிறார்கள். தேர்வு நேரத்தில் உட்கார இடமில்லை, மற்ற நாளில் காற்றாடுகிறது.

திட்டத்தை வழக்கம்போல "இத்தனை நூல்கள் வாங்குவோம், இத்தனை கணினி போடுவோம்" என்று தொடங்கிவிட்டேன். எழுதும்போதே ஏதோ உறுத்துகிறது. இந்த வேலையில் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

பதிவு 2 · கடைசி_பெஞ்ச்

நான் மாணவன், இங்கே பேசலாமா என்று தெரியவில்லை. எங்கள் நூலக வருகைப் பதிவேட்டில் ஒருவனே நான்கு பேருக்குக் கையெழுத்துப் போடுவான். நானும் போட்டிருக்கிறேன். அந்த எண்ணை வைத்துத் திட்டம் போடாதீர்கள் அக்கா.

பதிவு 3 · பழைய_அலமாரி

கடைசி_பெஞ்ச் தம்பி சொன்னது சின்ன விஷயம் இல்லை. முப்பது வருடம் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பதிவேட்டைக் கூட்டிக் கூட்டியே பாதி நாள் போனது.

அம்மா, உங்களுக்கு உறுத்துவது சரியான இடம்தான். 1973இல் ரிச்சர்ட் ஆர் என்பவர் இந்தக் குழப்பத்தை இரண்டு கேள்வியாகப் பிரித்தார். நூலகம் எவ்வளவு நல்லதாக இருக்கிறது என்பது ஒன்று. அது எவ்வளவு நல்லது செய்கிறது என்பது இன்னொன்று. பணம், ஆள், நூல் எல்லாம் சேர்ந்து ஒரு திறனைத் தருகின்றன. திறன் இருந்தால் பயன்பாடு வரலாம். பயன்பாடு இருந்தால் பலன் வரலாம். ஒவ்வொரு கட்டத்திலும் "வரலாம்"தான், "வரும்" இல்லை. உங்கள் மொத்த நூல் எண்ணிக்கை இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி. இரவல் மூன்றாவது கண்ணி. முதல்வர் கேட்பது நான்காவது.

நான் வேலையில் இருந்தபோது ஒரு வழி வைத்திருந்தேன். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளை எல்லோரும் சுவரில் மாட்டுகிறோம். அதை இறக்கி மேஜையில் வைத்துக் கேள்வியாகத் திருப்பிப் போடுங்கள்.

"நூல்கள் பயன்படுத்தவே": ஐந்து ஆண்டாக ஒருமுறைகூட வெளியே போகாத நூல்கள் எத்தனை? "ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல்": ஒன்றைத் தேடி வந்தவர்களில் எத்தனை பேர் வெறுங்கையோடு போனார்கள்? "வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து": ஒரு ஆசிரியர் நூல் கேட்டு எழுதிக் கொடுத்த நாளிலிருந்து அது அலமாரிக்கு வர எத்தனை நாள்? திரும்பி வந்த நூல் தன் இடத்துக்குப் போக எத்தனை மணி நேரம்? மூன்றாவது விதியையும் ("ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர்") ஐந்தாவது விதியையும் ("நூலகம் வளரும் உயிரி") நீங்களே திருப்பிப் பாருங்கள், கொஞ்சம் வேலை இருக்கட்டும்.

இந்தக் கேள்விகளில் எதற்கும் வருகைப் பதிவேடு பதில் சொல்லாது.

பதிவு 4 · சராசரி

புள்ளியியல் ஆசிரியன். நூலகம் பற்றித் தெரியாது, எண்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

ஐயா சொன்ன "வெறுங்கையோடு போனவர்கள்" கணக்குக்கு அழகான முறை ஒன்று இருக்கிறது. 1976இல் பால் கேண்ட்டர் வகுத்தது. ஒரு மாணவர் ஒரு குறிப்பிட்ட நூலைத் தேடி வருகிறார். அது அவர் கைக்குப் போய்ச் சேர நான்கு கதவுகளைத் தாண்ட வேண்டும். முதல் கதவு, நூலகம் அதை வாங்கியிருக்க வேண்டும். இரண்டாவது, வேறு யாரும் எடுத்துப் போயிருக்கக் கூடாது. மூன்றாவது, நூலகத்தின் பக்கம் தவறு இருக்கக் கூடாது: தப்பான அலமாரி, பைண்டிங், காணாமல் போனது இப்படி. நான்காவது, மாணவரே கண்டுபிடித்திருக்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு முதல் கதவு 90 சதவீதம், இரண்டாவது 80, மூன்றாவது 85, நான்காவது 90 என்று வையுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே முதல் வகுப்பு மதிப்பெண். பெருக்கினால் 55 சதவீதம். நூறு பேர் தேடி வந்தால் 45 பேர் வெறுங்கை. ஒவ்வொரு பொறுப்பாளரும் "என் பக்கம் சரியாகத்தான் இருக்கிறது" என்பார், அவர் சொல்வது பொய்யும் இல்லை.

இதில் எதைச் சரிசெய்வது என்பதுதான் திட்டம். இரண்டாவது கதவை 80இலிருந்து 90 ஆக்கினால் மொத்தம் 62க்கு ஏறும். முதல் கதவை 90இலிருந்து 95 ஆக்க எவ்வளவு பணம் வேண்டும் என்று உங்களுக்குத்தான் தெரியும், ஆனால் அதனால் மொத்தம் 58தான் ஆகும்.

எத்தனை பேரிடம் கேட்பது என்று அடுத்து வரும் கேள்விக்கும் இப்போதே பதில்: சுமார் 400 தேடல்கள் கிடைத்தால் ஐந்து சதவீதப் புள்ளி முன்பின்னாகச் சொல்லலாம். 100 கிடைத்தாலே பத்துப் புள்ளி முன்பின்னாகத் தெரியும். எந்தக் கதவு அடைத்திருக்கிறது என்று பார்க்க நூறே போதும்.

பதிவு 5 · சுட்டுவிரல்

நான்கு கதவு பளிச்சென்று புரிந்தது, நன்றி சார். ஆனால் இதை எப்படி எடுப்பது? மென்பொருளில் "கிடைக்காமல் போனது" என்று ஒரு அறிக்கையும் வராதே. எங்கள் நூலக மென்பொருளான கோஹாவில் எனக்குத் தெரிந்தவரை போனதும் வந்ததும்தான் பதிவாகிறது.

பதிவு 6 · பழைய_அலமாரி

துண்டுச்சீட்டுதான் அம்மா. மென்பொருளுக்கு நடந்தது தெரியும், நடக்காதது தெரியாது. கேட்லாக் கணினி பக்கத்தில் உள்ளங்கை அளவுச் சீட்டுகள் வையுங்கள். என்ன தேடினீர்கள், கிடைத்ததா, அவ்வளவுதான். வெளியே போகும்போது பெட்டியில் போடச் சொல்லுங்கள். "கிடைக்கவில்லை" என்று வந்த சீட்டுகளை அன்றைக்கு மாலைக்குள் உங்கள் ஆள் ஒருவர் அலமாரிக்கே போய்ப் பார்த்து ஏன் கிடைக்கவில்லை என்று பின்பக்கம் எழுத வேண்டும். மறுநாள் பார்த்தால் தடயம் அழிந்துவிடும், நூல் தானாக நடந்து தன் இடத்துக்குப் போயிருக்கும். சிரிக்காதீர்கள், நடக்கும்.

இரண்டு வாரம் போதும். ஒரு வாரம் சாதாரண வாரமாக, இன்னொன்று தேர்வுக்கு முந்தையதாக இருக்கட்டும்.

பதிவு 7 · கடைசி_பெஞ்ச்

எங்கள் நூலகத்தில் இதைச் செய்தால் ஒரு பிரச்சினை வரும். கணினியில் "அலமாரியில் உள்ளது" என்று இருக்கும். போய்ப் பார்த்தால் இருக்காது. முதல் தடவை நாம்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைப்போம். இரண்டாவது தடவையும் இல்லையென்றால் மூன்றாவது தடவை நூலகத்துக்குப் போகவே மாட்டோம், சீனியரிடம் பிடிஎஃப் கேட்டு வாங்கிக்கொள்வோம். என் வகுப்பில் பாதிப்பேர் அப்படித்தான். இவர்கள் யாரும் உங்கள் சீட்டை நிரப்பப் போவதில்லையே?

பதிவு 8 · சராசரி

தம்பிக்கு என் பாடத்தில் முழு மதிப்பெண். வந்தவர்களிடம் மட்டும் கேட்டால் வராதவர்களின் குறை கணக்கிலேயே ஏறாது. சீட்டு ஆய்வு காட்டும் எண் உண்மையைவிட நல்லதாகவே இருக்கும். வகுப்புக்குப் போய், வருகைப் பட்டியலில் பத்தில் ஒருவர் என்று எடுத்து, "கடைசியாக எப்போது வந்தீர்கள், ஏன் நிறுத்தினீர்கள்" என்று இரண்டு கேள்வி கேட்டால்தான் மீதிப் படம் தெரியும். தயவுசெய்து கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு உட்காராதீர்கள். யாருக்கு நூலகம் பிடிக்குமோ அவர்தான் நிரப்புவார்.

பதிவு 9 · சுண்ணக்கட்டி

பேராசிரியர் தரப்பிலிருந்து ஒரு பாவமன்னிப்பு. துறைக்கு நூல் வாங்கும் பட்டியல் நான்தான் பல ஆண்டாகக் கொடுக்கிறேன். பதிப்பாளர் அட்டவணை வரும், கடைசி நாளில் நினைவூட்டல் வரும், அரை மணி நேரத்தில் டிக் அடித்துக் கொடுப்பேன். என் ஆராய்ச்சிக்குப் பிடித்தவை கொஞ்சம், பெரிய பெயர்கள் கொஞ்சம். மாணவர் படிக்கக்கூடியது எத்தனை என்று பார்த்ததே இல்லை. போன ஆண்டு ஒரு நூலின் கடைசிப் பக்கச் சீட்டைப் பார்த்தேன். அதில் இருந்த ஒரே தேதி நான் எடுத்தது.

ஆகவே திட்டம் எழுதும்போது எங்களை நம்பாதீர்கள். நம்புங்கள், ஆனால் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம்புங்கள். ஒவ்வொரு தாளிலும் பரிந்துரை நூல் பட்டியல் இருக்கிறது. அதில் எத்தனை உங்களிடம் இருக்கிறது, எத்தனை படி இருக்கிறது, அந்தத் தாளை எத்தனை பேர் படிக்கிறார்கள்: இந்த மூன்று பத்தியைப் போட்டுப் பாருங்கள். எங்கள் துறையில் நானே ஒரு தாளுக்குப் போட்டுப் பார்த்தேன். வெளியே சொல்லக் கூசுகிறது.

பதிவு 10 · பழைய_அலமாரி

பேராசிரியர் அம்மா ஒப்புக்கொண்டது பெரிய மனது. ஆனால் உங்களோடு பெரிய கூட்டமே இருக்கிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆலன் கென்ட் தலைமையில் ஓர் ஆய்வு நடந்து 1979இல் வெளிவந்தது. 1969இல் அந்த நூலகம் வாங்கிய நூல்களை எடுத்துப் பின்தொடர்ந்தார்கள். ஆறு ஆண்டுக்குள் ஒருமுறைகூட இரவல் போகாதவை ஏறத்தாழ 40 சதவீதம். பேராசிரியர்கள் கொதித்தார்கள். நூலகத்துக்குள்ளேயே உட்கார்ந்து படிப்பதைச் சரியாக எண்ணவில்லை, ஆராய்ச்சி நூலை இரவல் எண்ணிக்கையால் எடைபோடக் கூடாது என்றெல்லாம் வாதம் எழுந்தது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் கல்லூரி நூலகம் ஆராய்ச்சி நூலகம் இல்லை. இருபது வருடம் கழித்து ஒருவர் வந்து கேட்பார் என்று வைத்திருக்க நமக்கு இடமும் இல்லை.

அதற்குப் பத்து வருடம் முன்பு ட்ரூஸ்வெல் என்பவர் சொன்னது: இரவலில் 80 சதவீதம் இருப்பில் 20 சதவீத நூல்களிலிருந்தே போகிறது. உங்கள் கோஹாவில் ஒரு அறிக்கை ஓட்டிப் பாருங்கள், அந்த இருபது எது என்று பெயரோடு வரும். அதற்குத்தான் கூடுதல் படி வாங்க வேண்டும். புதுத் தலைப்பு வாங்குவதில் இருக்கும் கவர்ச்சி பழைய தலைப்புக்கு நான்காவது படி வாங்குவதில் இல்லை, அதனால் யாரும் வாங்குவதில்லை.

பதிவு 11 · மின்சந்தா

எல்லோரும் அச்சு நூலைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் நூலகத்தில் பணத்தின் பெரும்பகுதி மின்னிதழ் சந்தாவுக்குப் போகிறது, நான் அந்தக் கணக்கைப் பார்ப்பவன்.

அங்கே எண்களுக்குப் பஞ்சமில்லை, அதுதான் ஆபத்து. பதிப்பாளர் ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமாக எண்ணிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. 2002இல் தொடங்கிய கவுண்ட்டர் என்ற அமைப்பின் பொது விதிமுறை வந்த பிறகுதான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடிந்தது. 2019 முதல் அதன் ஐந்தாவது பதிப்பு நடைமுறையில் இருக்கிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரே கட்டுரையை ஒருவர் முதலில் இணையப் பக்கமாகத் திறந்து, உடனே பிடிஎஃபாகவும் இறக்கினால் மொத்தக் கோரிக்கை இரண்டு, தனித்த கோரிக்கை ஒன்று. விற்பனைப் பிரதிநிதி எந்த எண்ணைக் காட்டுவார் என்று சொல்ல வேண்டுமா? நீங்கள் தனித்த கோரிக்கையை எடுத்துச் சந்தாவை அதால் வகுங்கள். ஒரு பயன்பாட்டுக்கு ஆகும் செலவு கிடைக்கும்.

அதைவிட எனக்குப் பிடித்த அறிக்கை "மறுக்கப்பட்டவை". நம்மிடம் சந்தா இல்லாத இதழைத் திறக்கப் பார்த்துத் திரும்பியவர்களின் கணக்கு. சீட்டுப் பெட்டி வைத்து நீங்கள் பிடிக்கப் போவதை மின்தளம் தானாகவே பிடித்து வைத்திருக்கிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

பதிவு 12 · சராசரி

ஒரு பயன்பாட்டுக்கு ஆகும் செலவை ஒரே இதழுக்கு ஆண்டுக்கு ஆண்டு பாருங்கள், சரி. கணித இதழையும் மருத்துவ இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு ஒன்றை வெட்டாதீர்கள். கணிதக்காரன் ஒரு கட்டுரையை ஒரு மாதம் படிப்பான். கணிதக்காரன் என்ற முறையில் சொல்கிறேன்.

பதிவு 13 · சுண்ணக்கட்டி

முதல்வர் கேட்டது நான்காவது கண்ணி, பலன் என்றார் ஐயா. நேராக அதையே அளக்க முடியாதா? நூலகத்தை அதிகம் பயன்படுத்தும் மாணவர் அதிக மதிப்பெண் வாங்குகிறாரா என்று பார்த்தால் முடிந்ததே? இரவல் கணக்கும் தேர்வு முடிவும் கணினியில்தானே இருக்கிறது.

பதிவு 14 · சராசரி

பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் பல்கலைக்கழகம் வேறு சில பல்கலைக்கழகங்களையும் சேர்த்துக்கொண்டு 2011இல் இப்படி ஒரு திட்டம் நடத்தியது. இரவல் எடுத்த நூல்களுக்கும் பட்டத்தில் வாங்கிய தரத்துக்கும் தொடர்பு தெரிந்தது. மின்வளங்களைத் திறந்ததற்கும் தரத்துக்கும் தொடர்பு தெரிந்தது. வாசல் வழியாக உள்ளே வந்ததற்கும் தரத்துக்கும் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. கையெழுத்துப் பதிவேட்டின் மேல் நம் தம்பிக்கு இருந்த சந்தேகம் வேறு காரணத்துக்காகவும் சரிதான்.

ஆனால் தொடர்பு என்று மட்டும்தான் அவர்களும் சொன்னார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளை நூலகத்துக்கும் வரும், மதிப்பெண்ணும் வாங்கும். நூலகம் அந்தப் பிள்ளையை உருவாக்கியது என்று அந்தக் கணக்கிலிருந்து சொல்ல முடியாது. அறிக்கையில் "நூலகத்தால் மதிப்பெண் உயர்ந்தது" என்று எழுதினால், அறிக்கையைப் பார்க்கும் குழுவில் புள்ளியியல் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், மற்ற பக்கங்களையும் நம்பமாட்டார்.

இன்னொன்று. யார் எந்த நூலை எடுத்தார் என்ற பதிவைத் தேர்வுப் பிரிவோடு பெயர் போட்டு இணைக்காதீர்கள். பதிவெண்ணை மறைத்து, கூட்டமாக மட்டும் பாருங்கள். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவர் விஷயம்.

பதிவு 15 · மின்சந்தா

கருத்துக்கணிப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. 2000 வாக்கில் தொடங்கிய லிப்குவால் என்ற நூலகக் கருத்துக்கணிப்பைப் பார்க்கலாம். வணிகத்தில் சேவைத் தரத்தை அளக்க 1988இல் வந்த சர்வ்குவால் என்ற முறையை நூலகத்துக்குத் திருப்பியது. 22 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் மூன்று பதில்: குறைந்தது எவ்வளவு இருந்தால் போதும், எவ்வளவு இருந்தால் மகிழ்ச்சி, இப்போது எவ்வளவு இருக்கிறது, எல்லாம் 1 முதல் 9 வரை. "திருப்தியா?" என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்கு நான்கு நட்சத்திரம் போடுவார்கள். மூன்றாகக் கேட்டால் இடைவெளி வெளியே வந்துவிடும். முழுதாக வேண்டாம், அந்த மூன்று பத்தி யோசனையை மட்டும் எடுத்து ஏழெட்டுக் கேள்விக்குப் போடலாம்.

பதிவு 16 · மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. மென்பொருள் ஒப்பீட்டுக்கு வேறு இழை இருக்கிறது, இங்கே அதைத் தொடங்க வேண்டாம். இரண்டு பதிவுகளை அங்கே நகர்த்தியிருக்கிறேன்.

பதிவு 17 · சுட்டுவிரல்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். சீட்டுப் பெட்டி வைத்தேன். ஒரு சாதாரண வாரம், ஒரு தேர்வு வாரம்.

முதல் நாள் பெட்டியில் இரண்டு சீட்டு, ஒன்றில் பூப்படம். பிறகு உதவியாளரை வாசல் பக்கம் நிற்கவைத்துக் கையில் கொடுக்கச் சொன்னதும் வரத் தொடங்கின. நூற்றைத் தாண்டியதும் மேஜையில் கொட்டிக் காரணப்படி குவித்தேன். "வாங்கவே இல்லை" என்ற குவியல்தான் உயரமாக இருக்கும் என்று பந்தயம் கட்டியிருப்பேன். என் திட்டமே அதன் மேல்தான் நின்றது. அது மூன்றாவது இடம்.

உயரமான குவியல் "நூலகத்தில்தான் இருக்கிறது, அலமாரியில் இல்லை". பின்பக்கம் உதவியாளர் எழுதியிருந்ததைப் படித்தேன். திரும்பி வந்த நூல் தள்ளுவண்டியில் கிடக்கிறது. படித்த மேஜையிலேயே கிடக்கிறது. நகலெடுக்கும் கருவிக்குப் பக்கத்தில் ஒரு அடுக்கு கிடக்கிறது. ஒரு சீட்டில் "அலமாரிக்குப் பின்னால் விழுந்திருந்தது, உடன் இன்னும் நான்கு" என்று இருந்தது. அடுக்குவதற்கு எங்களிடம் ஒருவர்தான், அவரும் மதியத்துக்கு மேல் அலுவலக வேலைக்குப் போய்விடுவார். வண்டி நிறைந்த பிறகுதான் காலி செய்வோம். அது நிறைவதற்கு இரண்டு நாள் ஆகும். தேடுகிறவருக்கு அந்த இரண்டு நாளும் அந்த நூல் இல்லாத நூல்.

இரண்டாவது குவியல் "வெளியே போயிருக்கிறது". அதில் ஏழெட்டுத் தலைப்பே திரும்பத் திரும்ப வந்தது. ஒன்று சுண்ணக்கட்டி மேடம் சொன்ன வகை: ஒரு தாளுக்கு அடிப்படை நூல், இரண்டே படி.

பதிவு 18 · பழைய_அலமாரி

மூன்றாவது கதவு! என் காலத்திலும் அதுதான் அம்மா. யாரும் பார்க்காத கதவு அதுதான், ஏனென்றால் அது நம் கதவு.

அந்த ஏழெட்டுத் தலைப்புக்கு வாங்குவதற்கு முன் இரவல் நாளைப் பாருங்கள். பதினான்கு நாள் தவணையில் ஒரு படி பதினாறு வாரப் பருவத்தில் எட்டுப் பேர் கைக்குத்தான் போகும். ஏழு நாளாக்கினால் பதினாறு பேர். காசு செலவில்லாமல் ஒரு படி இரண்டானது. லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பக்லாண்ட் அறுபதுகளின் கடைசியில் இதைத்தான் ஆராய்ந்தார். அதிகம் கேட்கப்படும் நூல்களுக்கு மட்டும் தவணையைக் குறைத்தார்கள். தேடியது கிடைக்கும் வீதம் ஏறியது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. இப்போது போனால் கிடைக்கிறது என்று தெரிந்ததும் மாணவர் கூட்டம் பெருகியது, கிடைக்கும் வீதம் மறுபடி கொஞ்சம் இறங்கியது. வெறும் வீதத்தை மட்டும் பார்ப்பவர் "தோல்வி" என்று எழுதியிருப்பார். அதனால் எந்த எண்ணையும் தனியாக அறிக்கையில் நிறுத்தாதீர்கள், பக்கத்தில் இரவல் கணக்கையும் நிறுத்துங்கள்.

பதிவு 19 · கடைசி_பெஞ்ச்

ஏழு நாள் என்றால் தூரத்திலிருந்து வருகிறவனுக்கு அபராதம்தான் மிச்சம் ஐயா. புதுப்பிக்கிற வசதி வேண்டும். அடுத்து யாரும் கேட்கவில்லையென்றால் தானாகவே நீளட்டும்.

பதிவு 20 · சுட்டுவிரல்

நியாயம் தம்பி, அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

இப்போது வேறு சிக்கல். குவியல் கணக்கை முதல்வரிடம் காட்டினேன். முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, "நல்லா நடக்குதுன்னு காட்டச் சொன்னா, எங்கெங்க ஓட்டைன்னு காட்டுறீங்களே?" என்றார். கோபமாக இல்லை, ஆனால் மதிப்பீட்டுக் குழு வரும்போது இதை வைக்கலாமா என்று தயங்குகிறார். என்ன சொல்வது?

பதிவு 21 · சுண்ணக்கட்டி

குழுக்களில் உட்கார்ந்தவள் என்ற முறையில்: எல்லாமே 95 சதவீதம் என்று காட்டும் நூலகத்தில்தான் நாங்கள் எழுந்துபோய் அலமாரியைப் பார்ப்போம். "இது இருந்த நிலை, இது காரணம், இது செய்தது, இது ஆறு மாதம் கழித்து வந்த எண்" என்று நான்கு வரி வைத்திருக்கும் நூலகம் மிகக் குறைவு. அதை முன்னால் வையுங்கள். முதல்வருக்குத் தயக்கமாக இருந்தால் இரண்டாவது சீட்டு ஆய்வு முடிந்த பிறகு இரண்டையும் சேர்த்து வைக்கலாம்.

பதிவு 22 · சராசரி

அவருக்கு ஒரு தாங்குகோலும் கொடுங்கள். ஐஎஸ்ஓ 11620 என்று நூலகச் செயல்திறன் குறியீடுகளுக்கே ஒரு பன்னாட்டுத் தரநிலை 1998 முதல் இருக்கிறது. இந்த இழைக்காகத்தான் நானே தேடிப் படித்தேன். தேடிய தலைப்பு கிடைக்கும் வீதம், அலமாரியில் சரியான இடத்தில் இருக்கும் வீதம், பயன்படாத இருப்பின் வீதம், நூல் வந்து தயாராக ஆகும் நாள், எல்லாம் அதில் இருக்கிறது. "நான் கண்டுபிடித்த குறை" என்றால் தயங்குவார்கள். "தரநிலைப்படி எடுத்த அளவு" என்றால் கேட்பார்கள். மனித இயல்பு.

ஆனால் எல்லாக் குறியீட்டையும் எடுக்காதீர்கள். ஐந்து போதும். எண்ணையே இலக்காக்கிவிட்டால் எல்லோரும் எண்ணைத்தான் பார்ப்பார்கள், நூலகத்தைப் பார்க்க மாட்டார்கள். இரவல் எண்ணிக்கையை ஏற்றச் சொன்னால் ஒரே நூலைக் கொடுத்து வாங்கி ஏற்றிவிடலாம், நான்கு கையெழுத்து மாதிரி.

முதல் பதிவில் தேர்வு நேரத்தில் உட்கார இடமில்லை என்றீர்களே, அதற்கு இருக்கைக் கணக்கு: ஒரு மணி நேரத்தில் சராசரியாக எத்தனை பேர் வருகிறார்கள், ஒருவர் சராசரியாக எத்தனை மணி நேரம் இருக்கிறார், இரண்டையும் பெருக்குங்கள். மணிக்கு 60 பேர், ஒன்றரை மணி நேரம் என்றால் எந்த நேரத்திலும் சுமார் 90 பேர் உள்ளே. 1961இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி, வங்கி வரிசைக்கும் இதுதான். தேர்வு வாரத்துக்குத் தனியாகப் போடுங்கள், ஆண்டுச் சராசரிக்குப் போட்டால் இருக்கை போதும் என்றே வரும். ஒருவர் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்பது பதிவேட்டில் இருக்காது. அரை மணிக்கு ஒருமுறை தலைகளை எண்ணுங்கள்.

பதிவு 23 · சுட்டுவிரல்

எழுதி முடித்துவிட்டேன். முதல் ஆண்டில் புதுத் தலைப்பு ஒன்றுகூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. மாலையில் இரண்டு மணி நேரம் அடுக்குவதற்கு ஒருவர், தள்ளுவண்டியை நாளுக்கு இரண்டு முறை காலி செய்வது, ஏழெட்டுத் தலைப்புக்குக் கூடுதல் படி, அலமாரி வரிசைச் சரிபார்ப்பு மாதம் ஒரு பகுதி. இரண்டாம் ஆண்டில் பாடத்திட்டப் பட்டியலோடு ஒப்பிட்டு வாங்குவது, தூங்கும் நூல்களைப் பிரித்தெடுப்பது. மூன்றாவது ஆண்டை வேண்டுமென்றே மெலிதாக விட்டிருக்கிறேன். இரண்டாவது சீட்டு ஆய்வு என்ன சொல்கிறதோ அதை வைத்து நிரப்பிக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதிவிட்டேன். முதல்வர் அந்தப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார், ஆனால் கையெழுத்தும் போட்டார்.

ஆள் இன்னும் வரவில்லை. வண்டியை மட்டும் நாங்களே மதியமும் மாலையும் காலி செய்யத் தொடங்கிவிட்டோம். நேற்று ஒரு மாணவி, "இந்த புக் புதுசா வாங்கினீங்களா மேடம்?" என்று கேட்டாள். அது 11 வருடமாக இங்கேதான் இருக்கிறது.

பதிவு 24 · மின்சந்தா

அந்தச் சீட்டில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று அப்படியே போட முடியுமா? அடுத்த மாதம் நாங்களும் எடுக்கலாம் என்று இருக்கிறோம்.

பதிவு 25 · சுட்டுவிரல்

இதுதான்:

"இன்று ஏதாவது குறிப்பிட்ட நூலைத் தேடி வந்தீர்களா? ஆம் / இல்லை. நூலின் பெயர் அல்லது ஆசிரியர். கேட்லாக்கில் பார்த்தீர்களா? கிடைத்ததா? பெயர் எழுத வேண்டாம்."

பின்பக்கம் எங்களுக்கு: வாங்கவில்லை / இரவலில் / உள்ளே இருக்கிறது, இடத்தில் இல்லை / இடத்தில் இருக்கிறது, அவர் காணவில்லை. பார்த்த நேரம்.

பதிவு 26 · சராசரி

"கிடைத்ததா" என்பதற்கு "வேறொன்றை எடுத்துக்கொண்டேன்" என்று மூன்றாவது கட்டம் ஒன்று போடுங்கள். இல்லையென்றால் அவர்களில் பாதிப்பேர் "ஆம்" என்பார்கள், மீதிப்பேர் "இல்லை" என்பார்கள்.

பதிவு 27 · சுட்டுவிரல்

அடடா. இனி வரும் ஆய்வில் சேர்க்கிறேன். இந்த முறை எடுத்ததோடு ஒப்பிட முடியுமா அப்போது?

பதிவு 28 · சராசரி

மூன்றாவது கட்டத்தைத் தனியாக எண்ணி வையுங்கள். ஒருமுறை "ஆம்" பக்கம் சேர்த்தும் ஒருமுறை "இல்லை" பக்கம் சேர்த்தும் கணக்குப் போடுங்கள். இரண்டிலும் முன்னேற்றம் தெரிந்தால் கவலையில்லை. ஒன்றில் மட்டும் தெரிந்தால் இங்கே வாருங்கள், சண்டை போடலாம்.